லாரி இறங்கும் முன் கொள்ளிடத்தில் இறங்குவோம்

தோழர்களே,

கொள்ளிடத்தில் நீர் வடிந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் மதகை அடைப்பார்கள். மறுபடி திறக்கும் ஜூன் 12 வரை இந்த ஆற்றில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் போன தடத்தில் டிப்பர் லாரி இறங்கும், பொக்லைன் இறங்கும். குவாரிக்கு அனுமதி இல்லாத இடத்தில் இரவில் டிராக்டர் இறங்கும். குழி ஆளுயரம் ஆன பிறகு, மே மாதத்தில், நாம் மறியலுக்குப் போவோம். கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம், மாலையில் விட்டுவிடுவார்கள். இந்த ஆண்டும் அப்படியே போகக் கூடாது. பிப்ரவரி பிறக்கும்போது நாம் கரையில் நின்றாக வேண்டும்.

பிப்ரவரியில் முதலை மண்ணைத் தோண்டத் தொடங்கும். கொள்ளிடத்தில் இருக்கும் சேற்று முதலை செடிகொடிகளைக் குவித்துக் கூடு கட்டுவதில்லை. வெள்ளம் எட்டாத மேட்டு மணலில், நீரோட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி, பின்னங்காலால் குழி பறித்து, இருபது முப்பது முட்டைகளை இட்டு மூடிவிடும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த மணலின் சூடுதான் முட்டையை அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே குழியின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. பொரிந்த குஞ்சுகள் மணலுக்குள் இருந்து குரல் கொடுத்ததும் தாய் வந்து தோண்டி, வாயில் ஏந்தித் தண்ணீரில் விடும். ஆண் முதலையும் இந்த வேலையைச் செய்வதைச் சென்னை முதலைப் பண்ணையில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் கொடூரம் என்று பெயர் வைத்திருக்கும் ஓர் உயிர் தன் குஞ்சை இப்படித்தான் வளர்க்கிறது.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். முதலை முட்டையிடுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆற்று ஆலா மணல் திட்டில் வெறும் பள்ளம் பறித்து முட்டையிடுவது மார்ச் முதல் மே வரை. ஆள்காட்டியும் அந்த வெயிலில்தான் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையை வைத்திருக்கும். பஞ்சுருட்டான் கரைச்சரிவில் வளை தோண்டுவதும் அதே மாதங்களில். ஆறு வற்றும் காலம் இந்த உயிர்களுக்கு எல்லாம் பேறுகாலம். அதே காலம்தான் மணல்காரர்களுக்கு அறுவடைக்காலம். இரண்டும் ஒரே மணலில், ஒரே மாதங்களில். பொக்லைன் ஒரு வாளி அள்ளும்போது அதில் மணல் மட்டும் போகிறது என்று நினைக்காதீர்கள்.

நம்மில் பலருக்கே தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். இந்த உயிர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேற்று முதலை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் சமமாக. நம் நாணல் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகத் திரியும் நீர்நாயை 2019-இல் உலக நாடுகள் ஜெனீவாவில் கூடிப் பன்னாட்டு வணிகம் முழுதும் தடைசெய்யப்பட்ட பட்டியலுக்கு ஏற்றின. காவிரி உள்ளிட்ட தென்னிந்திய ஆறுகளில் வாழும் லீத் மெல்லோட்டு ஆமை, இந்தியா முன்வைத்த கோரிக்கையின் பேரில் 2022-இல் பனாமாவில் அதே பட்டியலில் சேர்ந்தது. ஜெனீவாவிலும் பனாமாவிலும் இவற்றுக்குக் காவல் உண்டு. முட்டையிடும் மணலுக்கும் வளை இருக்கும் கரைக்கும் கொள்ளிடத்தில் காவல் இல்லை. முதலையைக் கொன்றால் குற்றம். முதலை முட்டையிடும் திட்டையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் அதற்கு நடைச்சீட்டு கொடுக்கிறார்கள்.

ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்ப் பாருங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 686 சதுர கிலோமீட்டர். அறிவிப்பில் சொன்ன காரணங்களில் நீர்நாய் உண்டு, சேற்று முதலை உண்டு, லீத் ஆமையும் உண்டு. நல்லது, வரவேற்கிறோம். அதே ஆறு சமவெளிக்கு இறங்கி, முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிந்து, அகன்று விரிந்து, உண்மையிலேயே வெள்ளச் சமவெளி என்று சொல்லத் தக்கதாக ஆகும் இடத்தில் ஏன் எதுவுமே இல்லை? மலைக்குள் ஓடினால் வனம், படுகையில் ஓடினால் புறம்போக்கு. வனத்துறை நீர்வளத் துறையைக் கை காட்டும், நீர்வளத் துறை கனிமவளத் துறையைக் கை காட்டும். நீர்நாய்க்கு இந்தத் துறைகளின் எல்லை தெரியாது.

அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைப்பதாக அரசு அறிவித்ததையும் நான் மறக்கவில்லை. வேலி போட்ட மையத்தில் முதலைகள் பிழைக்கலாம். ஆற்றில் முட்டையிட மணல் இல்லாவிட்டால் அந்த மையம் ஒரு காட்சிச்சாலை, அவ்வளவுதான்.

இந்த மணல் இனி வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த நாளிலிருந்து மைசூர்ப் பக்கத்து மலைகள் அனுப்பிய மணல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. பவானியும் அமராவதியும் கொண்டுவருவது கொஞ்சம், அவற்றின் குறுக்கேயும் அணைகள். கொள்ளிடத்தில் நாம் காணும் மணலில் பெரும்பகுதி பாட்டன் பூட்டன் காலத்துச் சேமிப்பு. அந்தச் சேமிப்புக்குள்தான் நம் குடிநீர் இருக்கிறது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் கூட்டுக் குடிநீர் போவது இந்த ஆற்றிலிருந்து. கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழி வீராணம் சேர்ந்து சென்னைக் குழாயில் வருகிறது. கழிமுகத்தில் ஆற்றுப்படுகை தாழ்ந்த இடத்தில் கடல்நீர் மேலேறி, கொள்ளிடக் கரைக் கிணறுகளில் உப்புக் கரிக்கிறது. ஆதனூர், குமாரமங்கலத்துக்கு இடையே கதவணை கட்ட வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் அந்த உப்புதான். முட்டைக்காகப் போராடச் சொல்கிறானே, நம் வயிற்றுக்கு என்ன என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒரே மணல் என்று சொல்லுங்கள்.

2018 ஆகஸ்ட் 22 இரவை எண்ணிப் பாருங்கள். ஆர்தர் காட்டன் காலத்து மேலணையில், முக்கொம்பில், 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. மணல் அள்ளியது காரணமல்ல என்று அரசு சொன்னது. காரணமே அதுதான் என்று விவசாயிகள் சொன்னார்கள். நான் விவசாயிகள் பக்கம். பாலத்தூணின் காலடி மண் ஆண்டுக்காண்டு இறங்கியதைக் குளிக்கப் போனவர்கள் எல்லாரும் கண்ணால் கண்டிருக்கிறோம்.

நீர்நாயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். முதலையிடம் மக்களுக்குப் பயமாவது இருக்கிறது, நீர்நாயிடம் அதுவும் இல்லை; அது சத்தமில்லாமல் அழிந்துபோய்விடும். குறுந்தொகை பாடியவர்கள் வாளை மீனைக் காலை இரையாகப் பிடிக்கும் நீர்நாயைக் கண்டிருக்கிறார்கள், அவ்வளவு காலமாக அது நம் ஆற்று உயிர். அதற்கு வேண்டியவை மூன்று: மீன் நிற்கும் மடு, ஒளிந்துகொள்ள நாணலும் கோரையும், குட்டி போட இடிக்கப்படாத கரைப் பொந்து. குவாரிக்குப் பாதை போடும்போது முதலில் அழிவது நாணல். கரையை வெட்டி லாரி இறங்கும் சரிவு அமைத்தால் பொந்து போயிற்று. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் கொடுமை மடுவைக் காலி செய்கிறது. நீர்நாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அறிவியலாளர் வேண்டாம். பாறை மேலோ மணல் மேட்டிலோ மீன்செதில் மினுமினுக்கும் எச்சம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும், வாடையே காட்டிக்கொடுக்கும். நம் மீனவத் தோழர்களுக்கு ஒவ்வொரு இடமும் தெரியும். வலையைக் கிழிக்கிறது என்ற கோபமும் அவர்களுக்கு உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. கிழிந்த வலைக்கு இழப்பீடு கேட்பது நம் கோரிக்கையில் ஒன்றாக இருக்கட்டும்.

சிதம்பரத்துப் பக்கத்துத் தோழர்களிடம் இன்னும் நேராகப் பேச வேண்டும். வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் என்று பழைய கொள்ளிடத்துக் கரை ஊர்களில் முதலையால் உயிர் போயிருக்கிறது, கை கால் போயிருக்கிறது. குளிக்க இறங்கியவர்கள், ஆடு மாடு கழுவ இறங்கியவர்கள். உங்களிடம் வந்து முதலையைக் காப்போம் என்று முழங்க எனக்கு நா எழாது. உங்கள் ஊர்ப் படித்துறையில் கம்பி வேலி இல்லை. எச்சரிக்கைப் பலகை மட்டும் இருக்கிறது. வீட்டில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்தால் பெண்கள் ஏன் ஆற்றில் இறங்கப் போகிறார்கள்? ஊருக்குள் வந்த முதலையைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள், கணக்கு முடிந்தது என்று போய்விடுகிறார்கள். ஆற்றில் ஆழமான மடுவும் ஆளில்லாத மணல் திட்டும் இருக்கும்வரை முதலைக்கு ஊர்க்குளத்தில் வேலை குறைவு. இரண்டையும் அழித்துவிட்டு, முதலை ஊருக்குள் வருகிறது என்று முதலையைக் குற்றம் சொல்வது ஆற்றைத் தின்றவர்களுக்கு வசதியான கதை. அந்தக் கதையை நம் வாயால் சொல்லாதிருப்போம். ஆனால் வேலியும் குழாயும் இழப்பீடும் கிடைக்கும்வரை உங்கள் பயத்தை அற்பமாக எண்ண எவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

மாட்டு வண்டித் தொழிலாளர்கள் விஷயத்தில் நமக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. அதை மூடி மறைத்துவிட்டுக் கரைக்குப் போனால் கரையிலேயே உடைந்துபோவோம். இரண்டு மாடும் ஒரு வண்டியும் வைத்து நாலு நடை மணல் ஓட்டி அன்றாடம் அடுப்பெரிப்பவர் நம் எதிரி அல்ல. அவர் ஒரு பருவம் முழுக்க அள்ளுவதை டிப்பர்கள் ஓரிரவில் அள்ளிவிடும். அதே சமயம், வண்டி என்றால் எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்பதையும் நான் ஏற்கவில்லை. கூடுகள் உள்ள திட்டை விட்டு விலகி, முட்டைக்காலம் முடியும்வரை ஒதுக்கிய இடத்தில் மட்டும், பகலில் மட்டும் என்று வண்டிக்காரர்களுடனே உட்கார்ந்து பேசி எல்லை போடுவோம். அந்த மாதங்களில் கூடு காக்கும் பணியை வனத்துறை கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்கட்டும். ஆற்றின் ஒவ்வொரு வளைவும் அவர்களுக்குத்தான் தெரியும்.

என்ன கேட்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நாம் சரணாலயம் கேட்கவில்லை. படுகையில் வாழை இருக்கிறது, வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது, ஆடு மாடு மேய்கிறது, வலை வீசுகிறோம். சரணாலயம் என்ற பேச்சே ஊரைப் பிளந்துவிடும். அதைக் குவாரிக்காரர்கள் நம்மைவிட வேகமாகப் பயன்படுத்திக்கொள்வார்கள். வன உயிரினச் சட்டத்தின் 36ஏ பிரிவு வேறொரு வழி தருகிறது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை, உள்ளூர் மக்களைக் கலந்த பின், பாதுகாப்பகமாக அறிவிக்கலாம். ஆற்றுப்படுகை அரசு நிலம்தான். பாதுகாப்பகத்தை நிர்வகிக்கும் குழுவில் அதன் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு என்று 36பி சொல்கிறது. மேய்ச்சலையும் மீன்பிடிப்பையும் வெளியேற்றாமல் குவாரியை வெளியேற்றும் வழி இது.

இது கனவு இல்லை. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் மக்கள் தங்கள் மருத மரத்துப் பறவைகளுக்காக நின்றார்கள். 2005-இல் இந்தியாவின் முதல் பாதுகாப்பகம் அங்கே அறிவிக்கப்பட்டது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசு பாதுகாப்பகம் வந்தது. மீனவர் படகு இன்றும் போகிறது. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர் ஊராக எழுந்த பிறகு 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். தாளில் இருந்த ஓர் அறிவிப்பும் தெருவில் இருந்த மக்களும் சேர்ந்தபோதுதான் அது நடந்தது. கொள்ளிடத்தில் நம்மிடம் மக்கள் இருக்கிறார்கள். தாள் இல்லை.

ஆகவே முதல் வேலை ஜனவரி 26 கிராம சபை. மேலணை முதல் பழையாறு வரை, இரு கரையிலும், ஒவ்வொரு ஊராட்சியிலும் தீர்மானம். கொள்ளிடம் ஆற்றுப்படுகையை 36ஏ பிரிவின் கீழ்ப் பாதுகாப்பகமாக அறிவிக்க வேண்டும், அதுவரை பிப்ரவரி முதல் ஜூன் வரை கூடுகள் உள்ள பகுதிகளில் மணல் எடுக்கக் கூடாது என்று. சபைக்குத் தலைமை வகிப்பவர் மறுத்தால், சபையில் இருப்பவர்கள் கையெழுத்திட்டு அந்த இடத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதப்பட்டதைப் படம் எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள். தவறவிட்ட ஊர்களுக்கு மார்ச் 22 சபை இருக்கிறது. ஆனால் அதற்குள் முட்டைகள் மணலுக்குள் இருக்கும், நினைவிருக்கட்டும்.

இரண்டாவது வேலை, மாவட்ட ஆய்வறிக்கை. ஒன்றிய அரசின் 2016-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஆற்றில் மணல் எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று ஒவ்வொரு மாவட்டமும் அறிக்கை தயாரித்து, வரைவை 21 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். அதை இணையத்தில் போட்டுவிட்டு யாரும் பார்க்காமல் போனால் முடிந்தது கதை. மாணவத் தோழர்களே, இது உங்கள் பொறுப்பு. திருச்சி, தஞ்சாவூர், அரியலூர், கடலூர், மயிலாடுதுறை ஆகிய ஐந்து மாவட்டங்களின் இணையதளத்தையும் முறைவைத்துப் பாருங்கள். வரைவு வந்த அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்க நம் மாநிலக் கனிம விதியே தடை போடுகிறது. வரைபடத்தில் அந்த வட்டங்களைப் போட்டுப் பார்த்தாலே பாதிக் குவாரியின் கதை வெளிச்சத்துக்கு வரும் என்பது என் நம்பிக்கை.

மூன்றாவது, கரை நடை. பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குட்பட்ட கரையை அதிகாலையில் நடந்து பார்க்க வேண்டும். முதலை ஏறிய தடம், நீர்நாய் எச்சம், ஆலா இறங்கும் திட்டு, எது கண்ணில் பட்டாலும் நாளும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், தோண்டிப் பார்க்காதீர்கள், இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். தூரத்திலிருந்து படம் போதும். இந்தக் குறிப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், வன உயிரினச் சட்டத்தின் 2(16) பிரிவு பறவை, ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது. முதல் அட்டவணை உயிர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இங்கே கூடு இருக்கிறது என்று வனச்சரகருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டால், அதன்பின் அந்தத் திட்டில் இறங்கும் இயந்திரம் கனிம விதியை மட்டும் மீறியதாகாது. ஓட்டுநரோடு நிற்காமல் ஒப்பந்தக்காரரையும் அனுமதி கொடுத்த அதிகாரியையும் கேள்வி கேட்க நமக்கு வழி பிறக்கும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் தோழர்கள் நம்மிடம் கேட்பது ஆதாரம்தான். ஆதாரத்தை மே மாதத்தில் தேடினால் குழிதான் கிடைக்கும்.

இரவில் லாரியை மறிக்கத் தனியாகப் போகாதீர்கள். மணல் லாரியை மறித்தவர்கள் மேல் அதே லாரி ஏறியதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. வண்டி எண்ணைக் குறியுங்கள், நேரத்தைக் குறியுங்கள், ஊரைத் திரட்டிக்கொண்டு போங்கள். வீரம் காட்டி ஒருவரை இழக்க இந்த இயக்கத்துக்கு வசதி இல்லை.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் நாலு பேர், அதில் இருவராவது பெண்கள், கிராம சபைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை அணைக்கரைக்கு வந்து சேருங்கள். தீர்மான வாசகத்தை அன்று எல்லாரும் உட்கார்ந்து இறுதி செய்வோம். வண்டித் தொழிலாளர் சங்கத் தோழர்களையும் மீனவத் தோழர்களையும் விடுபடாமல் அழைத்து வாருங்கள். வேளக்குடிப் பக்கத்து ஊர்கள் படித்துறை வேலி, குழாய்த் தண்ணீர், இழப்பீடு பற்றிய கோரிக்கையைத் தங்கள் சொற்களிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். மற்ற எல்லா ஊர்த் தீர்மானங்களிலும் முதல் பத்தியாக அதையே வைப்போம்.